நான்காவது கண்ணாடி

கரண்ட் போய்ப் பத்து நிமிடமாகியும் நான்காவது கண்ணாடி படுக்கவில்லை.

ரூபினா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் மறுபடி பார்த்தாள். சுண்டுவிரல் நகமளவு சிலிக்கான் சில்லில், மணல் பருக்கையைவிடச் சிறிய நான்கு கண்ணாடிகள். மின்சாரம் கொடுத்தால் எழுந்து நின்று ஓர் ஃபைபர் இழையில் வரும் ஒளியை இன்னோர் இழைக்குத் திருப்பும், நிறுத்தினால் படுத்துவிடும். இரண்டு வருடமாக இவற்றைச் சோதிப்பதுதான் அவள் வேலை. பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறைகளெல்லாம் ஒருசேர அடங்கிவிட்ட அந்த மத்தியானத்தில், ஜன்னலில்லாத அறைக்குள் ஸ்பிரிட் வாசனையும் அவள் மூச்சுச் சத்தமும்தான் இருந்தன. ஆனாலும் பேட்டரியில் ஓடும் மீட்டர், நான்காவது இழையில் ஒளி வருவதாகக் காட்டியது. கூடியது. குறைந்தது. யாரோ மூச்சுவிடுவதுபோல.

அந்த இழை சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகிறது. அங்கே லேசர்களைக் கவனிக்கும் அழகிரிசாமி இருந்தார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள்.

"ஏனுங்ணா, அங்க லேசர் ஏதாச்சும் ஓடுதுங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"கரண்டே இல்லீங்களே அம்மணி. இருங்க, இழை முனையைப் பாக்கறேன்."

"கண்ணை வெச்சுப் பாத்துராதீங்ணா! பொசுக்கிப்போடுமுங்க!"

சுவருக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது.

கண்ணாடியைப் படுக்கவைத்தால் ஒளி நின்றுவிடும். ஊசிமுனையால் அதை மெல்ல அழுத்தினாள்.

சுவருக்கு அப்பால் அழகிரிசாமி அலறினார்.

பதறிக் கையை எடுத்தாள். அலறல் நின்றது. கண்ணாடி நிமிர்ந்து நின்றது. மீட்டரில் எண்கள் ஏறிக்கொண்டே போயின.

டார்ச்சோடு ஓடினாள். கதவு. இருட்டு. காலடியில் ஏதோ வழுக்கியது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கண் இருந்த இடத்தில் சிவப்புக் குழி. அதற்குள் இழை போய்க்கொண்டிருந்தது. யாரும் தள்ளவில்லை. மேஜைமேல் இருந்த இழைச் சுருள் விர்ரென்று சுழன்று அவிழ்ந்தது.

"வலிக்கலீங்க அம்மணி," என்றார். வாயோரம் ரத்தம் வழிந்தது. "அது இன்னும் நெறைய உள்ள வரோணுமாங்க."

மேஜையில் கிடந்த கத்தரியை எடுத்து இழையை வெட்டினாள். அவர் தலை மார்பில் தொங்கியது.

வெட்டிய முனை அவள் கையில் துள்ளியது. உள்ளங்கையைத் துளைத்தது. பிடித்து இழுத்தாள். விரல்கள் கிழிந்தன. அது வரவில்லை. மணிக்கட்டில் தோல் புடைத்தது. பிறகு அதற்கு மேலே. இன்னும் மேலே.

கத்தரியை முழங்கைக்கு மேல் வைத்துப் பல்லைக் கடித்து அழுத்தினாள். சதை பிளந்தது. எலும்பில் இரும்பு உரசியது.

இழை அதற்குள் தோளைத் தாண்டியிருந்தது.