பழைய மீட்புப் புள்ளி

குடித்து முடித்து மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்த டீ கோப்பை மறுபடி நிறைந்திருந்தது.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மெல்லிய ஆடை படிந்து, ஒரு வாய்கூடக் குறையாமல், விளிம்பு வரை இருந்தது. குடித்தது நிச்சயம். ஆறிப்போய்க் கசக்கிறதே என்று முகம் சுளித்ததுகூட ஞாபகம் இருந்தது. நாக்கைச் சுழற்றி அந்தக் கசப்பைத் தேடினாள். வாய் வறண்டு கிடந்தது.

‘தூக்கம் போதலை உனக்கு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோப்பையைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். பயிற்சி அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. புரொஜெக்டருக்காக ஜன்னல் திரைகளையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததால், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. ஏசி எங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டே ஓடியது. யாரும் உதறிப் பார்க்காத தரைக் கம்பளத்திலிருந்து ஈரத்துணி வாடை எழுந்தது. புரொஜெக்டருக்குள் தூசு கருகுகிற மணமும், அதன் விசிறி மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சுற்றுகிற சத்தமும் சேர்ந்து, பக்கத்தில் யாரோ காய்ச்சலோடு படுத்திருப்பது போல இருந்தது. எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், அவள் ஏதாவது தப்பு செய்வாளா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

நாளைக் காலையில் பயனர் குழு வந்து அவற்றை நிரப்பும். கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள் கூடி நடத்துகிற குழு அது. அச்சகக்காரர், கணக்காளர்கள், மருந்துக்கடைக்காரர் என்று எல்லாரும் உண்டு. கம்ப்யூட்டரை இயக்குகிற புது இயங்குதளம் எது வந்தாலும் அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் விலை போகும். ஓட்டிக் காட்டுவது அவளுடைய வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே டெமோ மேடம்தான். போன முறை மெஷின் நட்டநடுவில் படுத்துக்கொண்டது. “மேடம், அது எழுந்ததும் எங்களையும் எழுப்பி விடுங்க!” என்று பின்வரிசையிலிருந்து அச்சகக்காரர் விட்ட குரலுக்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இத்தனை ஒத்திகை; டீ குடித்த கையோடு ஒன்றை முடித்திருந்தாள். இந்த இயங்குதளத்தின் பெரிய வித்தை, மீட்பு. எல்லார் கண் முன்னாலும் மெஷினின் உயிர்நாடியான கோப்புகளை அவளே அழிப்பாள். திரை செத்துப்போகும். தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போது ஒரே ஒரு பொத்தான். இயங்குதளம் அவ்வப்போது தானே குறித்து வைத்துக்கொள்கிற மீட்புப் புள்ளிகளில் ஒன்றுக்கு மெஷின் திரும்பிப் போகும். அந்தப் புள்ளிக்குப் பிறகு நடந்த எதுவும் நடக்காதது போல ஆகிவிடும்.

‘நடக்காதது போல’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

செல்போன் அடித்தது. கணவன்.

“எப்ப வருவே?”

“இன்னும் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். வாலு என்ன பண்றா?”

“சுவத்துல உன்னை வரைஞ்சுக்கிட்டு இருக்கா. கொம்பெல்லாம் வெச்சு.”

“கொம்பு வெச்சா அது நீங்களாத்தான் இருக்கும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். கேட்டா, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போற அம்மாவுக்குத்தான் கொம்பு முளைக்குமாம்.”

பின்னாலிருந்து “ரெண்டு கொம்பு! ரெண்டு கொம்பு!” என்று மகளின் கூச்சல் கேட்டது. அவள் சிரித்தாள். சிரித்ததில் அடிவயிற்றுத் தழும்பு சுருக்கென்று இழுத்தது. மூன்று வருடமாகியும், நெடுநேரம் உட்கார்ந்தால் அது இப்படித்தான் இழுக்கும். வாலு இந்த உலகத்துக்கு வந்த வழி.

கேபிளை இழுத்தபோது கிழித்துக்கொண்ட கட்டைவிரலில் பிளாஸ்திரியைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது ஒத்திகையைத் தொடங்கினாள். அழித்தாள். திரை கறுத்தது. இந்தத் தடவை காலையில் பதிவான புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானைத் தட்டினாள். மீட்பு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வெள்ளைக்கோடு ஊர்ந்தது. ஊர்ந்தது. கொட்டாவி வந்தது. இவ்வளவு நேரம் ஆனால் அச்சகக்காரர் சும்மா இருக்க மாட்டாரே என்று நினைத்துக்கொண்டே கண்ணைக் கசக்கினாள்.

கட்டைவிரல் வழவழவென்று முகத்தில் பட்டது.

பிளாஸ்திரி இல்லை. காயமும் இல்லை.

கையைப் புரொஜெக்டர் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தூக்கிவாரிப் போட்டது. காவலாளிதான்.

“மேடம்! நீங்க எப்ப வந்தீங்க?”

“என்ன கேள்வி இது? நீங்கதானே சாவி குடுத்தீங்க?”

“நானா?” அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். “இது காலையிலேருந்து என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லையே. ஜன்னல் வழியா குதிச்சு வந்தீங்களா? ஆபீசை விட்டு ஓடுறவங்களைப் பார்த்திருக்கேன். லீவு நாள்ல ஆபீசுக்குள்ள ஏறிக் குதிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவர் சாவியைக் கையில் கொடுத்ததும், ‘மாடியில ஏசி கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும்’ என்று சொன்னதும் தெளிவாக நினைவில் இருந்தன. அவளிடம் மட்டும்.

ஜன்னல் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். வெளியே வெயில் தன் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது. நேரம் முன்னால்தான் போகிறது. பிறகு எது பின்னால் போகிறது?

மேனேஜருக்குப் போன் செய்தாள்.

“சார், ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு.”

“மெஷினா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னம்மா? மெஷின் நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“மீட்புக்கு ரொம்ப நேரம் எடுக்குது சார்.”

“அதைச் சொல்லுங்க. புள்ளி புதுசா இருந்தா அப்படித்தான், நிறைய சுமையைத் தூக்கிக்கிட்டுப் போகணும். பழசுக்குப் போங்க. நீங்க சேர்ந்தப்ப அந்த லேப்டாப் வந்துதே, அன்னிக்குப் பதிவான புள்ளி இருக்கும். பழைய சிஸ்டம் வெச்ச புள்ளியையும் புதுசு படிக்கும்னு காட்டின மாதிரியும் ஆச்சு. ஒரு தடவை பண்ணிப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அவள் கை தயங்கியது. ஏன் தயங்குகிறது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. நேற்றும் சரியாகத் தூங்கவில்லை; முந்தைய நாளும் இல்லை. இதை முடித்தால் வீட்டுக்குப் போகலாம். குளித்துவிட்டு, வாலுவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுக்கலாம். பட்டியலில் ஆகக் கீழே இருந்த புள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். தட்டினாள்.

இம்முறை கோடு ஊரவில்லை. ஒரே தாவல்.

“பார்த்தீங்களா, பட்டுனு முடிஞ்சிருக்குமே?” என்று மேனேஜர் கேட்கும் குரல் பாதியில் அறுந்தது.

முதலில் வாசனை மாறியது. ஈரத்துணி வாடை போய், புதுப் பெயிண்டின் காரம் மூக்கில் ஏறியது. ஏசி செருமலை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. காலடியில் கம்பளம் மெத்தென்று எழும்பி நின்றது. நாற்காலிகள் எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டிக் உறை. ஏசிக் காற்றில் அவை மெதுவாக உப்பி, மெதுவாகச் சுருங்கின. மூச்சு விடுவது போல.

அவள் எழுந்தாள். உடம்பு லேசாக இருந்தது. மிகவும் லேசாக.

வயிறு இழுக்கவில்லை.

கையை உள்ளே விட்டுத் தடவினாள். மேலே. கீழே. இன்னும் கீழே. தழும்பு இருந்த இடத்தில் வழவழவென்று தோல். யாரும் கத்தி வைக்காத, யாரும் வெளியே வராத தோல்.

செல்போனை எடுத்தாள். முகப்பில் மகள் படம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு மலை. கணவனின் எண்ணைத் தட்டினாள்.

“என்ன, முடிஞ்சுதா?” குரலில் இளமை இருந்தது. களைப்பே இல்லை. அவனுக்குப் பின்னால் வீடு நிசப்தமாக இருந்தது.

“வாலு எங்கே?”

“எந்த வாலு?”

“நம்ம வாலுங்க. நம்ம பொண்ணு.”

அவன் மிகவும் மெதுவாகச் சொன்னான்: “இங்கே பாரு. டாக்டர் என்ன சொன்னாங்க? நமக்கு இன்னும் நேரம் இருக்கு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு சொன்னாங்களா இல்லையா? பெயரெல்லாம்கூட வெச்சுட்டியா? எதையும் நினைக்காம கிளம்பி வீட்டுக்கு வாம்மா.”

அவள் வைத்துவிட்டாள்.

சத்தம் போட்டு அழக்கூடாது. யோசி. இது உன் தொழில். யோசி.

மீட்பை ரத்து செய்ய ஒரு வழி உண்டு. திரை மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். கூட்டத்தில் அவள் அதைக் காட்டுவதில்லை; சில சமயம் ஒழுங்காக வேலை செய்யாது. தேடினாள். இருந்தது. தட்டினாள்.

கோடு கிளம்பியது. நின்றது. கிளம்பியது. நின்றது.

திரையில் எழுத்துகள் வந்தன.

‘பெயர்கள் கிடைத்துவிட்டன. சிலவற்றின் உள்ளடக்கம் கிடைக்கவில்லை. இருந்தும் தொடரவா?’

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். வேண்டாம்.

பிளாஸ்டிக் உறைகள் உப்பின. சுருங்கின.

வேண்டாம் என்றால்? இந்த வழவழப்பான வயிற்றோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நிசப்தத்துக்குள் போக வேண்டும். கிடைத்தவரை கிடைக்கட்டும். எப்படிக் கிடைத்தாலும் பரவாயில்லை. என் குழந்தை.

ஆம்.

ஈரத்துணி வாடை திரும்பியது. ஏசி செருமியது. வயிற்றைத் தொட்டாள். தழும்பு இருந்தது. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை, பேனாவால் கிழித்த கோடு போலச் சும்மா இருந்தது. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது.

“எங்கே இருக்கே?” கணவன். அலுப்பும் சலிப்புமாக, அவளுடைய பழைய கணவன். “வாலு உன்னைத் தேடிக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வந்து சேரு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “இதோ வந்துட்டேங்க” என்றாள். “இதோ வந்துட்டேன்.”

விளக்குகள் எரியத் தொடங்கிய தெருக்களில் பஸ் போயிற்று. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எலும்பெல்லாம் வலித்தது. எங்கோ ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றபோது கண்ணைத் திறந்தாள். எதிரே மருந்துக்கடை. பலகையில் பெயர் இருந்தது. உள்ளே அலமாரிகள் காலி. காலிகூட இல்லை, வெள்ளை. கடைக்காரர் திரும்பி, அந்த வெள்ளையிலிருந்து எதையோ எடுப்பது போல எடுத்து, எதிரே நின்ற பெண்ணின் கையில் வைத்தார். அந்தப் பெண் வெறும் கையை மூடிக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பஸ் கிளம்பியது.

அவள் அப்புறம் வெளியே பார்க்கவில்லை.

மாடிப்படி. கதவு. செருப்பைக் கழற்றக்கூட இல்லை. கணவன் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். மடியில் வாலு. முதுகுதான் தெரிந்தது. அதே மஞ்சள் கவுன். அதே அடங்காத முடி. அவன் அதைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தான்.

“அடேயப்பா, ஒருவழியா வந்துட்டா பாரு உங்கம்மா. ஆபீசுலயே பாயைப் போட்டுப் படுத்துட்டாளோன்னு நினைச்சோம், இல்லடா?”

“வாலு” என்றாள். “கண்ணு.”

குழந்தை இறங்கி ஓடி வந்தது. ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. அவள் குனிந்து வாரி எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். கனமே இல்லை. கொடியிலிருந்து எடுத்த கவுன் அளவுக்குத்தான் இருந்தது.

குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

புருவத்தின் கோடு இருந்தது. கன்னத்தின் வளைவு இருந்தது. அவற்றுக்கு நடுவே, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை. எழுத்து விழாத தாள் மாதிரி, லேசாக ஒளிர்கிற வெள்ளை. கீழே உதடுகள் மட்டும் பிரிந்தன. உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. அங்கேயும் அதே வெள்ளை. உதடுகள் மூடின. மறுபடி பிரிந்தன.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வளைத்தன. இறுகின.

“என்ன, பார்த்துக்கிட்டே நிக்கிறே?” என்றான் கணவன், சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்தபடி. “அம்மா அம்மான்னு தொண்டை கிழியக் கத்துறா. பதில் சொல்லேன்.”