அழுத்தம் இறங்கும் வரை

காபியோடு கணவனின் அறைக்குள் காலை வைத்ததும் இளவேனிலுக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. ஏற்காட்டிலிருந்து பஸ் இறங்கும்போது அடைக்குமே, அப்படி. எச்சில் விழுங்கிப் பார்த்தாள்; விடவில்லை. கூடத்துக்கு வந்ததும் டப்பென்று திறந்தது. தொம்மலூர்ச் சந்தில் தரைத்தள வீடு. மலையும் இல்லை, பள்ளமும் இல்லை.

எத்திராஜுக்குக் கடலுக்கடியில் வேலை. மும்பைக்கு அப்பால், எண்ணெய்க் கிணறுகளின் குழாய்கள் கடல்தரையில் வந்து சேரும் இடத்தில் இறங்கி வால்வு மாற்றுவான். வேலை முடியும்வரை கப்பலில் ஓர் இரும்பு அறைக்குள், அடியாழத்தின் அதே அழுத்தத்தில், ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு குடியிருப்பார்கள். அங்கிருந்து போன் செய்தால் கீச்சுக்குரல்தான் கேட்கும். "அப்பா வாத்து மாதிரி பேசறாரு" என்று மகள் சிந்து சிரிப்பாள். பிறகு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை இறக்கித்தான் கதவைத் திறக்க வேண்டும். திடீரென்று திறந்தால் உடம்பு தாங்காது. போன மாதம் யாரோ அவசரப்பட்டுத் திறந்துவிட்டார்கள். வாசலருகே இருந்த கூட்டாளி முனியப்பன் அந்த நொடியே போய்விட்டான். மூடியிருந்த உட்கதவுக்கு உள்ளே இருந்த எத்திராஜ் பிழைத்தான்.

வீட்டுக்கு வந்தவன் ஜன்னல் இடுக்குகளிலெல்லாம் டேப் ஒட்டினான்.

"கதவ மெதுவா திற, இளா. அவன் இன்னும் மேல வரல."

"யாருங்க?"

"முனியப்பன். ரொம்ப ஆழத்துல இருக்கான். இந்தத் தடவ அவசரப்படக் கூடாது."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மனசு உடைந்துபோன மனுஷன், ஆறட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் வெயில் காயும் நாளிலும் அந்த அறையின் சுவர்கள் வியர்த்தன. துருவும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை போர்வையிலிருந்து, அலமாரியிலிருந்து, அவன் தலைமுடியிலிருந்து எழுந்தது. ஒருநாள் மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டிலை அவள் உள்ளே கொண்டுபோனபோது, அது கைக்குள்ளேயே நெறுநெறுவென்று நசுங்கிச் சுருங்கியது. அவன் குரலும் நாளுக்கு நாள் மெலிந்து கீச்சிட்டது.

சிந்துவை ஓசூரில் அம்மா வீட்டில் விட்டுவிடலாம் என்று கடைசியில் ஒருநாள் முடிவுசெய்தாள். அன்றே ஆபீசில் பர்மிஷன் கேட்டு மாலையிலேயே வந்தாள். மழை. வீடு திறந்தே கிடந்தது. அறைக்கு வெளியே சிந்துவின் பள்ளிக்கூட ஷூ. கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள். அசையவில்லை.

"சிந்து, வெளிய வா கண்ணு."

உள்ளேயிருந்து ஒரு கீச்சுக்குரல். "அம்மா, மாமா அழறாரு. தனியா விட்டுட்டு வரட்டா?"

இளவேனிலின் கை அப்படியே நின்றது.

"திறக்காத, இளா." எத்திராஜ். "இப்ப அவளும் ஆழத்துலதான் இருக்கா."

அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல். கீச்சென்று விம்மியது. நிறுத்தாமல் விம்மியது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் வெங்கடசாமி கடப்பாறையோடு இறங்கி வந்தார். "ஏனம்மா, பாப்பா உள்ளே மாட்டிக்கிச்சா? ஒடச்சிரட்டா?"

"வேணாம் சார். தொடாதீங்க."

"குழந்தம்மா."

"அதனாலதான் சார்."

அவர் புரியாமல் ஓரடி முன்னால் வந்தார். அவள் குறுக்கே நின்றாள். முதுகுக்குப் பின்னால் மரம் முனகியது. திரும்பினாள்.

கதவுப் பலகை நடுவில் உப்பியிருந்தது. சட்டத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதன் வழியே காற்று மெல்லச் சீறியது. சட்டத்தின் ஆணி ஒன்று தானாக வெளியே நகர்ந்தது. விழுந்தது. இன்னொன்று.

இளவேனில் கன்னத்தையும் மார்பையும் இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் அழுத்தினாள். கால்களைத் தரையில் ஊன்றினாள். பலகைக்கு அந்தப் பக்கம், அவள் கைக்கு நேராக, ஒரு சின்னக் கை வந்து ஒட்டிக்கொண்டது.

"இன்னும் எத்தன நாள்மா?"