முதல் ஒலி

ஆறாயிரம் வருடங்களாக ஒரு மனித வாயும் உச்சரிக்காத சொல்லைப் பல் தேய்த்துக்கொண்டே தோண்டி எடுத்துவிட்டதாக ஓய்வுபெற்ற பேராசிரியர் பீற்றிக்கொண்டார். மைத்துனனுக்குத் தேநீர் புரையேறியது.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு, அவற்றையெல்லாம் பெற்றுப்போட்ட ஆதிமொழியின் சொற்களை மீட்பது இருவருக்கும் தொழில். பேராசிரியரின் உத்தியோக காலம் முழுவதையும் தின்று ஏப்பம் விட்டது இந்த ஒரு சொல், இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்றின் பெயர். அகராதியில் அதை ஏற்றும் அதிகாரமோ மைத்துனனிடம்.

"எல்லா மொழியிலயும் அதுக்குப் பட்டப்பேர்தானே அத்தான் இருக்கு? கூட வர்றவன், பின்னால நிக்கிறவன்னு. நிஜப் பேரே இல்லையே."

"பயந்துபோய் சொல்லாம விட்டிருக்காங்கடா. ரஷ்யாக்காரன் கரடியைத் தேன்தின்னின்னு சொன்ன மாதிரி."

"முதல் ஒலி எங்கே? தலையில்லாத முண்டத்தை நான் ஏத்த முடியாது."

அங்கேதான் இடித்தது. தொண்டையின் அடியில் பிறந்த ஏதோ ஒலி. ஆதிமொழி பெற்ற பிள்ளைமொழிகளில் ஒன்றில்கூட அது மிச்சமில்லை. எரிச்சல் மண்டைக்கேற, மீட்ட சொற்களைக் காகிதத்தோடு விட்டுவிடும் தொழில் வழக்கத்தை மீறி, ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

உள்ளறையில் யாரோ செருமினார்கள்.

"யாரு அத்தான் உள்ளே?"

"உன் அக்கா ஆபீஸ் போயிட்டாளே."

மறுபடி சொன்னார். தப்பு. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்று, பட்டப்பகல் வெயில் திரைச்சீலையில் அழுக்குத் தண்ணீர்போல் மங்கி, பழைய காகித வாசனைக்கு அடியிலிருந்து நனைந்த ரோமத்தின் வாடை மெல்லக் கிளம்பி வர, நடையில் அதே செருமல், மக்கு மாணவனிடம் பொறுமையிழந்த வாத்தியாருடையதுபோல், இன்னும் ஆழமாகக் கேட்டது.

திருத்துகிறது.

பேராசிரியருக்குப் பயம். அதைவிட ஆத்திரம். வாழ்நாளெல்லாம் தேடிய ஒலி அந்தச் செருமலேதான். வாயை மூடிக்கொள்ளலாம். மூடினால் சொல் போச்சு.

"வேணாம் அத்தான். நான் ஏத்திடறேன். விட்டுடுங்க."

"முழுசா கேட்டுட்டு ஏத்துடா!"

செருமினார். சொன்னார். முழுதாக.

பிடரியில் சூடான மூச்சு. வழுக்கையில் ஒரு சொட்டு ஈரம்.

மைத்துனன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே பார்த்தான். இன்னும் மேலே. கழுத்து வலிக்கும் அளவுக்கு மேலே.

"சரிதான் அத்தான்," என்றான், உதடு அசையாமல். "தலையாட்டுது."