ஊர் மாறுனா ஒரு போன்

மலையாண்டிக்கு இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டுப் பழங்காநத்தத்து வீட்டுக்குள் வந்த அன்றைக்கே, கூடத்து ஸ்டூலில் இருந்த கறுப்பு டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள் முத்துத்தாய். குப்பென்று மரிக்கொழுந்து வாசம்.

"மாயக்கா தலையில வைக்கிறது. அவ செத்து ஒரு வருசமாச்சு, இன்னும் வாசம் போகல," என்றான் மலையாண்டி.

வேனில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம், மதுரை டவுன் என்று கடை கடையாகப் போடுகிறவன் அவன். மூத்தவள் மாயக்காள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். கடைக்குக் கடை போன் போட வேண்டாம்; ஊர் மாறினால் மட்டும் ஒரு போன். பிறகு அந்த ஊரில் உள்ள நாலு கடையைக் கூப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

"செத்தவளுக்கு இருந்த உரிமை எனக்கு இல்லையாக்கும்? எனக்கும் அப்படியே போடுங்க மாமா," என்றாள் முத்துத்தாய். போட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், திருப்பரங்குன்றத்துக்கு வந்துவிட்டதாகப் போனில் சொல்லி வைத்தான். அவள் அங்கே பால்பாண்டி கடையைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, இப்பத்தானே கேட்டீக? அண்ணே இங்கனதான் இருக்காகன்னு சொன்னேனே."

"நான் கேக்கலையே."

"வந்து கூட்டிட்டுப் போறேன்னு வேற சொன்னீக. மச்சான் மச்சான்னு அம்புட்டுப் பிரியமா!"

முத்துத்தாய் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்; மச்சான் என்று கூப்பிட்டவள் மாயக்காள்.

பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. அதென்ன அம்புட்டுப் பிரியம்?

வீடு திரும்பியவன் முகம் வெளிறிக் கிடந்தது. "வேன்ல ஏறுனேன். பக்கத்து சீட்டு, ஆரோ உக்காந்திருந்த கணக்கா சூடா இருந்துச்சு புள்ள."

"நாளையில இருந்து போன் போடாதீக. எனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். எந்த ஊருன்னு தெரியாட்டி எங்கிட்டு வந்து கூட்டிட்டுப் போவா?"

மறுநாள் போன் வரவில்லை.

பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. ஊமையாய்க் கிடந்த டெலிபோனை விட்டு அவள் கண் நகரவில்லை.

மூன்று மணிக்குச் சந்தேகம் முளைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் அவள்கூடவே போய்விட்டாரோ?

உசிலம்பட்டிக்கு டிரங்க் கால் போட்டாள். நாலு கடையிலும் இல்லை. குன்றத்திலும் இல்லை. டவுனில் மூன்றாவதாக, நாகூர் கனி மண்டி.

"இருக்காகம்மா. லைன்ல இருங்க."

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

"முத்துத்தாயி? போடக் கூடாதுன்னு நீதானடி சொன்ன?"

"மனசு கேக்கல மாமா."

லைனில் ஒரு மூச்சு கேட்டது.

அது அவளுடையது இல்லை. அவனுடையதும் இல்லை.

"மாமா, அங்கன நிக்காதீக! கெளம்புங்க!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் எட்டியதாகத் தெரியவில்லை.

"எந்த ஊருன்னு தெரியாம காலையில இருந்து முழிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றது கரகரத்த குரல் ஒன்று. "நீயே தேடிக் குடுத்துட்டயே தங்கச்சி."

பிறகு அந்தக் குரல் குழைந்தது.

"மச்சான், அங்கனயே நில்லுங்க. நான் வாரேன்."

"சரி மாயக்கா," என்றான் மலையாண்டி, முத்துத்தாயிடம் ஒருநாளும் பேசியிராத பிரியத்தோடு.