கயிற்றின் மறுமுனை

அய்யாவு கேட்பதற்கு முன்பே கயிறு தளர்ந்தது.

கிளையில் இன்னும் கொஞ்சம் வெளியே நகர வேண்டும் என்று நினைத்து, கீழே நிற்கும் நாகையாவிடம் கயிற்றை விடச் சொல்ல அவன் வாயைத் திறக்கும்போதே, இடுப்பை இறுக்கியிருந்த கயிறு வேண்டிய அளவுக்கு இளகிக் கொடுத்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலையிலிருந்து ஒரு முறைகூட நாகையா இப்படிச் செய்ததில்லை. விடு என்றால் இழுப்பான். இழு என்றால் பீடி பற்றவைப்பான். தங்கை இராஜம்மாவின் புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக அவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, அந்த முட்டாள்தனத்தை நினைத்து நினைத்து வெந்துபோய் அய்யாவு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே துரையின் பங்களாவை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் எத்தனையோ பெரிய மரங்களில் ஏறிக் கிளை கழித்தவன் அய்யாவு. ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாலு பேர் கைகோத்தாலும் பிடிபடாத அடிமரம். ஒவ்வொரு கிளையும் தனி மரம்போல் கனத்து, முதுகில் பெரணிகளையும் பாசியையும் சுமந்துகொண்டு பங்களா வளாகம் முழுவதற்கும் கூரை போட்டிருந்தது. முதல் நாள் வந்தபோது வேலையை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். ஓடுகளுக்கு மேல் நீண்ட ஒரு கிளை மட்டும் உள்ளே சொத்தை. அதற்காக மரத்தையே சாய்த்துவிடலாம் என்றார் ஓவர்சியர் இராமலிங்கம். கிளையை எடுத்துவிட்டு வெட்டுவாயில் தார் பூசினால் போதும், மரம் பிழைத்துக்கொள்ளும் என்று அய்யாவு மன்றாடினான். அப்படியானால் இன்று பொழுது சாய்வதற்குள் முடி, இல்லையென்றால் நாளைக்குக் கோடாலி ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிளை பாதிகூட அறுபடவில்லை. ஈர மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. உருவினால் வியர்வையில் கை வழுக்கியது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் சிவப்பெறும்புகள் கழுத்தில் ஏறின. கயிறு இடுப்பிலிருந்து தலைக்கு மேலிருந்த இலைக்கூட்டத்துக்குள் புகுந்து, அங்கே கிளை பிரியும் ஒரு கவையில் விழுந்து, அடிமரத்தின் மறுபக்கமாக நாகையாவிடம் இறங்கியது. இலைகளின் அடர்த்தியில் கவையும் தெரியவில்லை, நாகையாவும் தெரியவில்லை.

“இழுத்துப் பிடி மாப்ள.”

“ம்.”

கயிறு இறுகியது. சரியாக, வேண்டிய அளவுக்கு. இந்தச் சுறுசுறுப்பு காலையில் எங்கே போயிருந்தது என்று அய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துபோகும் இவனுக்கு? எல்லாவற்றுக்கும் ‘ம்’தானா?

ரயில் பட்டறையிலிருந்து கரிப்புகை மிதந்து வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை, மூடியே கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல், குளிர்ந்து, ஊறிப்போன வாடை. சொத்தை மரத்தின் வாடைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் ரம்பத்தைத் தள்ளினான். கிளைக்குக் கிளை கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் ஒன்றாக ஓய்ந்தன. அடைய வந்த காகங்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கரைந்துவிட்டு, உட்காராமல் ஆற்றுப் பக்கமாகப் பறந்தன.

“கொஞ்சம் விடு.”

“ம்.”

இந்தத் தடவை சத்தம் கீழிருந்து வந்ததுபோல் இல்லை. காதோரம், பிடரிக்கு மேலே எங்கிருந்தோ வந்தது. காற்று குரலைத் திருப்புகிறது என்று நினைத்தான். காற்றே இல்லை.

இருட்டத் தொடங்கியதும் தூங்குமூஞ்சி மரம் தன் வழக்கப்படி இலைகளை மடிக்க ஆரம்பித்தது. வெளிக்கிளைகளில் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பின. பச்சைச் சுவரில் ஓட்டைகள் விழுந்தன. இனி அந்தச் சோம்பேறியின் மூஞ்சி தெரியும், நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்கலாம் என்று அய்யாவு குனிந்தான்.

செம்மண் பாதை தெரிந்தது. அதில், நூல் கட்டிய காலிப் பால்டின்னில் வாங்கிய சீனன் கடைக் கோப்பி கையில் ஆட, நாகையா நடந்து வந்துகொண்டிருந்தான்.

அய்யாவின் இடுப்பில் கயிறு விறைப்பாக இருந்தது.

“கயித்த யாருகிட்ட குடுத்துட்டுப் போன?” என்று கத்தினான். கோபத்தில்தான் கத்த நினைத்தான். குரல் வேறு மாதிரி வந்தது.

“யாருகிட்டயும் குடுக்கல மச்சான். வேர்ல முடிஞ்சு வச்சுட்டுத்தான் போனேன். ரொம்ப நேரமாச்சா லா?” நாகையா மரத்தடியைச் சுற்றி வந்தான். குனிந்து தேடினான். நிமிர்ந்தான். “கயித்த நீ மேல இழுத்துக்கிட்டியா? இங்க ஒண்ணுமில்லையே.”

அய்யாவு இடுப்பு முடிச்சை விரலால் நெருடினான். பாரம் ஏற ஏற இறுகும் முடிச்சு, அவனே போட்டது. அசையவில்லை. முதுகுப் பக்கம் செருகியிருந்த பாராங்கத்தியை உருவினான். கயிறு வெடுக்கென்று இழுத்தது. கத்தி கையிலிருந்து நழுவியது. கிளைகளில் பட்டுப் பட்டு விழுந்தது.

“மச்சான்,” என்றான் நாகையா. அண்ணாந்திருந்தான். பால்டின் சாய்ந்து கோப்பி அவன் காலில் கொட்டியது. அவன் பார்த்தது அய்யாவை அல்ல. அய்யாவுக்கு மேலே.

“மச்சான், மேல பாக்காத.”

தலைக்கு மேலும் இலைகள் மடிந்துகொண்டிருந்தன. மெல்ல. ஒவ்வொன்றாக.

பார்த்தான்.

கவை தெரிந்தது. அதில் கயிறு இல்லை. கயிறு கவையைத் தாண்டி, நேராக மேலே போனது.

அய்யாவின் பாதங்கள் கிளையை விட்டு எழும்பின.

அங்கே, மடிந்த இலைகளுக்கு நடுவில், பட்டை நிறத்தில் இரண்டு நீண்ட கைகள். கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல், ஒரு கை மாற்றி ஒரு கை. அவற்றுக்கும் மேலே இன்னொரு ஜோடிக் கைகள். வந்து சேர்ந்த கயிற்றை அவை வளையம் வளையமாகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல்.