உள்ளிருந்து பிடிப்பவன்

உலையிலிருந்து அப்பாசாமி அடுத்த ரிவிட் ஆணியை இன்னும் எடுக்கவில்லை. ஆனால் இரும்புத் தண்ணீர்த் தொட்டியின் தகட்டில் அடுத்த துளை வழியாக, பழுக்கக் காய்ந்த ரிவிட் முனை ஒன்று உள்ளேயிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சனியன், தூக்கம் கெட்டால் புத்தியும் கெட்டுவிடுகிறது என்று தலையை உதறிக்கொண்டான். தானே எடுத்து உள்ளே தள்ளிவிட்டு மறந்து தொலைத்திருப்பான். மூன்று நாளாகக் கண்ணை மூடாதவனுக்கு எது நினைவிருக்கும்? ரிவிட் ஆறிவிட்டால் வீண். அதை வெட்டியெடுக்க அரைமணி நேரம் போய்விடும். யோசிக்க நேரமில்லாமல் சம்மட்டியை ஓங்கினான்.

அது இரண்டு பேர் செய்யும் வேலை. அப்பாசாமி ரிவிட்டைக் காயவைத்து, குழாய் மாட்டும் ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் தள்ளுவான். உள்ளே குந்தியிருக்கும் அவன் மைத்துனன் பிச்சை அதைக் குறடால் பிடித்துத் துளையில் செருகி, கனத்த இரும்புக்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தயார் என்பதற்குத் தகட்டை இரண்டு முறை தட்டுவான். வெளியே அப்பாசாமி அந்த முனையை அடித்துத் தட்டையாக்குவான். உள்ளே பிடிப்பவனின் கை தளர்ந்தால் ரிவிட் ஆடும், தண்ணீர் ஒழுகும். இன்று மத்தியானத்திலிருந்து ஒன்றுகூட ஆடவில்லை. மூன்று நாளாகத் திட்டித் திட்டி வாங்க முடியாத வேலையைப் பயல் இன்றைக்குத்தான் செய்கிறான் என்று அப்பாசாமிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விடிந்தால் மெர்டேகா, நாட்டுக்குச் சுதந்திரம். காஜா பெராங் சாலை நெடுகக் கொடி கட்டியிருந்தார்கள். மழையில் அத்தனையும் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. புக்கிட் பாருவில் கட்டிய புது வீடுகளுக்கு நாளைக் காலை தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள். தொட்டியை ஏற்றிப்போக இன்று மாலை ஆறு மணிக்கு லாரி வரும். இப்படி ஒரு தொட்டியை நாலு நாளில் தமிழனால் முடிக்க முடியாது என்று உஜோங் பாசிர் பட்டறைக்காரன் கோப்பிக் கடையில் சிரித்ததும், முடிக்காவிட்டால் இனி சம்மட்டியைத் தொடமாட்டேன் என்று இவன் அத்தனை பேர் முன்னாலும் மேசையைத் தட்டியதும் ஊருக்கே தெரியும். முடியாவிட்டால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

காலையில் பிச்சை தொட்டியின் வாயிலிருந்து தலையை நீட்டி, “மச்சான், நெஞ்ச அடைக்குது. தாஹான் பண்ண முடியல, தாங்கல. ஒரு மணி நேரம் படுத்துக்கிறேன்” என்றான். உதடு வெளுத்திருந்தது.

“நாளைக்குப் பூரா படுத்துக்க மாப்ள. யாரு வேணாங்கிறது? இன்னைக்கு உள்ள போ” என்றான் அப்பாசாமி. தலை உள்ளே போயிற்று.

டக், டக். அடித்தான். டக், டக். அடித்தான். தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் வேறு எதுவும் காதில் விழவில்லை. கரிப்புகையும் சூட்டில் வெந்த இரும்பின் வாடையும் பட்டறைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தன. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்ததால், உலை மூச்சுவிடும்போதெல்லாம் தொட்டியின் நிழல் சுவரில் ஏறி ஏறி இறங்கியது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து சம்மட்டிக் காம்பு வழுக்கியது. இன்னும் பதினான்கு துளைகள் பாக்கி.

உலையில் கரி தீர்ந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு தொட்டியின் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றான்.

கரிக்குவியலுக்குப் பக்கத்தில், கோணிச் சாக்கின்மேல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பிச்சை படுத்திருந்தான்.

அப்பாசாமிக்கு உச்சிவரை கோபம் ஏறியது. “அடப்பாவி, நான் அங்க செத்துக்கிட்டிருக்கேன், நீ இங்க நீட்டி நிமிந்து கெடக்கியா?” என்று காலால் அவன் முதுகை இடித்தான். பிச்சை அசையவில்லை. இன்னொரு இடி இடிக்கக் காலைத் தூக்கினான்.

டக், டக்.

தொட்டிக்குள்ளிருந்து.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பட்டறையில் மூன்றாவது ஆள் கிடையாது. தொட்டியின் வாய் எட்டிப் பார்க்கும் தூரத்தில்தான் இருந்தது, கறுப்பாக. அதிலிருந்து உலைச்சூடு வரவில்லை. கிணற்றடிக் குளிர் வந்து அவன் முழங்காலைத் தொட்டது. குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அடிக்க முடியாது. அடிக்காவிட்டால் லாரி வெறுமனே திரும்பிப் போகும்.

பயந்துதான் போனான். ஆனாலும் அவன் குனியவில்லை. எவனாக இருந்தால் என்ன, பிடி நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரியை அள்ளிக்கொண்டு திரும்பினான்.

அதற்குப் பிறகு அவன் உலைப்பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. ஒன்றை அடித்து முடிப்பதற்குள் அடுத்த துளையில் முனை சிவந்தது. மூச்சுவிட விடவில்லை. கை மரத்தது. தோள்பட்டையில் எதுவோ பிய்ந்தது. ஒரு நிமிஷம் சம்மட்டியைச் சாய்த்தான். உடனே டக், டக். டக், டக். டக், டக். திட்டுவதுபோல இருந்தது.

குடையை மடக்கிக்கொண்டு காமாட்சி உள்ளே வந்தாள். அவன் தங்கை, பிச்சையின் மனைவி. ஒரு கையில் கோப்பித் தூக்கு.

“அவரு எங்கண்ணே?”

“பின்னால படுத்திருக்காரு. எழுப்பாத, போ” என்றான், அடிப்பதை நிறுத்தாமல். மூன்று துளைகள்தான் பாக்கி.

அவள் பின்பக்கம் போனாள். தூக்கு தரையில் விழும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இங்க வா! ஒடம்பு சில்லுன்னு இருக்கு! கை மடங்க மாட்டேங்குது!” அவள் குரல் கிழிந்தது. “மத்தியானம் நான் வச்ச சோத்தக்கூடத் தொடலியே! எப்பண்ணே வெளிய வந்தாரு? நீ பாக்கலியா?”

அவன் தகட்டைப் பார்த்தான். மத்தியானத்திலிருந்து அடித்த ரிவிட்டுகள் நாலு வரிசை, ஒன்றுகூடக் கோணவில்லை. எல்லாவற்றையும் பிடித்தது யார்? கடைசித் துளையில் முனை சிவந்து நின்றது. கை தானாக ஓங்கி அதையும் அடித்து முடித்தது.

முடிந்தது. துளையே இல்லை.

டக், டக்.

“போதும் மாப்ள” என்றான். “தெரியாமச் சொல்லிட்டேன். படுத்துக்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் படுத்துக்க.”

டக், டக்.

அவன் மார்புக்கு நேராக, துளையில்லாத வெறும் தகட்டில், ஒரு புள்ளி சிவந்தது. பருத்தது. இரும்பைப் பிளந்துகொண்டு முனை வெளியே நீண்டது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே மூன்று. சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தான். கை நினைக்கவில்லை. அடித்தது.

“அண்ணே!” காமாட்சி வீறிட்டாள். “அசையிறாரு! கை அசையிது!”

அப்பாசாமி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். தொட்டியின் ஓரத்துக்கு அப்பால் கோணிச்சாக்கு தெரிந்தது. புருஷனின் விறைத்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“நீ அடிச்சப்பதான் அசைஞ்சுது. இன்னொரு தடவ அடி!”

அடித்தான். சாக்கின்மேல் கட்டையாய்க் கிடந்த உடம்பு முழுவதும் துள்ளி விழுந்தது. வாய் திறந்தது.

“நிறுத்தாதண்ணே!” கண்ணீரும் சிரிப்புமாக அவள் கெஞ்சினாள். “உனக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்திராத! அடி! அடிண்ணே!”

தகடு முழுவதும், மேலும் கீழும், விரல் வைக்க இடமில்லாமல், முனைகள் சிவந்து வந்துகொண்டிருந்தன.