தம்புசாமியின் வெள்ளை

தம்புசாமி செத்துப் பதினொரு வருடம் ஆகிறது. ஆனால் அவர் படங்கள் மாட்டியிருந்த அறையில் ஈர மையின் வாசம் அடித்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அது. கீழே பூக்கடையின் ஸ்பீக்கர் பாட்டும், கார்களின் ஹார்னும், மோனோரயிலின் இரைச்சலும் படியேற ஏற ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஏர்கோனின் உறுமல் மட்டும் காதில் மிஞ்சியதை விஷ்ணுப்ரியா உணர்ந்தாள்.

படம் பார்க்க அவள் வரவில்லை. சனிக்கிழமை, தங்கை வாணி இந்தப் படிக்கட்டைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். அதன்பின் கிள்ளான் வீட்டுக்குத் திரும்பவில்லை. இன்று புதன். போலீஸில் ரிப்போர்ட் செய்தால் பெண்பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று அம்மா காலைப் பிடிக்காத குறையாக அழுதார். வாணி பினாங்குக்குக் கோர்ஸ் போயிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னது விஷ்ணுப்ரியாதான். வீட்டின் முதல் பட்டதாரி சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? எல்லோரும் நம்பினார்கள். ஒருவரும் தேடவில்லை. மானமாம், மண்ணாங்கட்டி.

தம்புசாமி வாரப் பத்திரிகைக்குச் சாவுவீட்டு ஜோக்குகள் வரைந்தவர். பாடையிலிருந்து எழுந்து ஒரு கிளாஸ் தே தாரேக் கேட்கும் பிணம். தனக்குப் பாடும் ஒப்பாரியில் தப்புக் கண்டுபிடிக்கும் செத்த கிழவி. அச்சில் பார்த்துச் சிரித்த படங்கள்தாம். அசலில் வேறு மாதிரி இருந்தன. அடியில் பென்சில் கோடு, அதன்மேல் மை, பிழையை மறைக்கப் பூசிய வெள்ளைச் சாயம் எல்லாம் தெரிந்தன. எல்லாப் படங்களிலும் வெள்ளை ஒரே இடத்தில்தான் இருந்தது. வாய்மேல்.

மேசையில் கரிபாப் தின்றுகொண்டிருந்த அறைக் காவலர் நாகையா, இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் டாய்லெட் தேடித்தான் வருகிறார்கள் என்று சிரித்தார். அவள் போனில் வாணியின் படத்தைக் காட்டினாள். சிரிப்பு நின்றது. சுவரில் மாட்டியிருந்த கடைசிப் படத்தை அவர் மோவாயால் காட்டினார். தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மோனோரயில் தூண்களுக்கு அடியில் ஒரு சவ ஊர்வலம். பின்வரிசையில், தோளில் துணிப்பை, மூக்குத்தி, நெற்றியில் அடங்காத முடி.

வாணி.

"சனிக்கிழம பென்சில்லதாம்மா இருந்துச்சு," என்றார் நாகையா. "திங்கக்கிழம மை ஏறிருச்சு. பென்சில்ல இருக்கறப்பவே வந்திருந்தா அழிச்சிருக்கலாம். போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் மகனக் கூட்டிட்டுப் போனாரு."

"நீங்க அழிக்க வேண்டியதுதானே, அங்கிள்?"

"ரத்த சொந்தம் கை வச்சாத்தான் அழியும்லா. யாராச்சும் தேடி வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு வெள்ளை."

கரிபாப்பைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். வேகமாக. கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் கிட்டே போனாள். வாணியின் மோவாயை வெள்ளை மூடியிருந்தது. பளபளத்தது. காயவில்லை. தூரிகை மயிர் காகிதத்தில் உரசும் ஓசை. மெல்ல. தூரிகை இல்லை. கை இல்லை. ஓசை மட்டும்.

வெள்ளை மேலே ஏறியது.

கீழுதடு.

மேலுதடு.

வாணியின் கண்கள் அவளைப் பார்த்தன. முன்பு அவை பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூக்கின் நுனி. மூக்குத்தி.

விஷ்ணுப்ரியா கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்தாள். முதலில் ஜில்லென்றது. பிறகு வெதுவெதுப்பு.

வெள்ளை விரலோடு வந்துவிட்டது. அடியில் முகம் இல்லை. வெறும் காகிதம். அதற்கு மேலே அந்த இரண்டு கண்கள், இமைக்காமல், அவளுடைய விரலையே பார்த்தன.

அவளும் பார்த்தாள்.

வெள்ளைக் குழம்பில், கட்டைவிரல் நுனியில், இரண்டு உதடுகள் ஒட்டியிருந்தன.

அவை திறந்தன. உள்ளிருந்து வந்த மூச்சு விரலில் சுட்டது.